பள்ளத்துப் பக்கத்து டயர்

அக்டோபர் 1, செவ்வாய்

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. அதுவும் போன வருஷத்து டைரி. அச்சடித்த கிழமை ஒன்றும் சேராது, ஒவ்வொன்றாக அடித்து எழுத வேண்டியிருக்கிறது. முதல் பக்கத்தில் பெயர் கேட்டிருந்தான். சுருளிவேல், வயது ஐம்பத்து நாலு, ஜீப் டிரைவர் என்று எழுதினேன். ரத்த அழுத்தம் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். அதனால்தான் இந்த டைரியே.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா, சின்னப் பெண், பிரஷரைப் பார்த்துவிட்டு, "கத்தக் கூடாது, கோபப்படக் கூடாது" என்று மாத்திரை எழுதினார். நான் கோபப்படுகிற ஆளே இல்லை என்று சொன்னேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் பெண்டாட்டி பவுனுத்தாய் தையல் மெஷினைவிட்டு எழுந்திருக்காமலே இதைத் தூக்கிப் போட்டாள்.

"கத்துறத எல்லாம் இதுல கத்துங்க. என் காதாவது பொழச்சுக்கிரும்."

சரி, கத்துகிறேன்.

போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் ஜீப் ஸ்டாண்டு. மொத்தம் பதினோரு வண்டி. மேலே ஊத்துமேட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர், பாதி தூரம் ரோடே கிடையாது. கடைசி ஏற்றம் வழுக்குப்பாறை. மழை பெய்தால் பத்து வண்டியும் பாறைக்குக் கீழேயே நின்றுவிடும். ஏறுவது என் வண்டி ஒன்றுதான். கோயம்புத்தூரில் சேற்றுப் பந்தயம் ஓட்டியவனிடம் வாங்கியது. பின்னால், இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலில் லாக்கர் வைத்தது. மற்ற வண்டிகளில் ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால் இன்னொரு சக்கரம் வேடிக்கை பார்க்கும். இதில் உள்ளே பல்லும் பல்லும் கவ்வி இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டும் சேர்ந்து தள்ளும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், செவ்வாயும் வெள்ளியும் ரோசம்மா இந்த வண்டியில்தான் தேனிக்கு டயாலிசிஸ் போகிறாள். ஊத்துமேட்டுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், இரண்டு கிட்னியும் போய்விட்டது. மழைக்காலத்தில் அவளுக்கு இந்த லாக்கரை விட்டால் வேறு வழியில்லை. இன்றைக்கு அவளே கேட்டாள்.

"அண்ணே, பின்னால என்ன டொக்கு டொக்குன்னு? உரல்ல இடிக்கிற மாதிரி கேக்குது."

வளைவில் வெளிச் சக்கரம் கூடச் சுற்றும், அதற்கு லாக்கர் பல் எகிறிக் கொடுக்கும், அப்படித்தான் சத்தம் வரும் என்றேன்.

"இது நேர் ரோடாச்சே," என்றாள்.

அக்டோபர் 4, வெள்ளி

சத்தம் கூடிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி வலப்பக்கம், மலையைப் பார்த்து இழுக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை வலி. பின்சீட்டில் வந்த மிளகு வியாபாரி ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனிடம், "டிரைவரு ஊத்திருக்காரோ?" என்று கேட்கிறான். காலையில் ஏழு மணிக்கு! இருபத்தெட்டு வருஷமாக இந்த மலையில் ஓட்டுகிறேன், ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. இறக்கிவிட்டுவிடலாமா என்று பார்த்தேன். ரோசம்மா முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

காசிமாயன் ஷெட்டில் காலையிலிருந்து மதியம்வரை. இந்த அடிவாரத்தில் உருப்படியான மெக்கானிக் அவன் ஒருத்தன்தான். ஸ்டாண்டு வண்டி எல்லாமே அவனிடம்தான் போகும்.

பின் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிப் பல் பிடிக்கிறதா என்று பார்த்தான். பிறகு டிஃபரன்ஷியலுக்குக் கீழே இருக்கிற போல்ட்டைக் கழற்றி எண்ணெயை வடித்தான். அந்த போல்ட்டு முனையில் காந்தம் உண்டு. அதில் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினான். பல் விளிம்பெல்லாம் மழுங்கியிருக்கிறது.

"வளைவுல தட்டுனா அது இதோட குணம்ணே. நேர் ரோட்டுல ஏன் தட்டுது? அதச் சொல்லுங்க."

அதைக் கேட்கத்தானே உன்னிடம் வந்தேன் என்றேன். மெக்கானிக் யார், நானா அவனா?

வண்டியைச் சுற்றி வந்து இடது பின் டயரைக் காலால் தட்டினான். எப்போது போட்டது என்று கேட்டான். ஆகஸ்டில் வெடித்ததற்குப் போட்டது, ஸ்டாண்டு வழக்கப்படி பள்ளத்துப் பக்கம் புது டயர் என்றேன். இது எங்கள் ஸ்டாண்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாரம் ஏற்றி மலை ஏறும்போது பள்ளம் இடப்பக்கம். உயிர் இருப்பது அந்தப் பக்கத்து டயரில். அதனால் புதுசு எப்போதும் இடது பின்னால், பழசு மலைப்பக்கம்.

"வலது மொட்டையாக் கெடக்கேண்ணே. மத்த வண்டி பொறுத்துக்கிரும். இதுக்குப் பின்னாடி ரெண்டும் ஒண்ணா இருக்கணும். மொதல்ல அத மாத்துங்க, இல்லாட்டி..." என்று ஆரம்பித்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவன் மச்சினன் போடியில் டயர்க் கடை வைத்திருப்பது எனக்குத் தெரியாதா? சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறான் பாருங்கள். "நீ பல்லப் பாரு, டயர நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டேன். அவன் பல்லை அரம் வைத்துச் சீவி, உள்ளே ஸ்பிரிங்கை மாற்றி, புது எண்ணெய் விட்டு மூடினான்.

அக்டோபர் 8, செவ்வாய்

சத்தம் இல்லை. சும்மா வெண்ணெய். பல்தான் கோளாறு, டயர் இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

திரும்பவும் டொக் டொக். ஐந்து நாள்கூட ஆகவில்லை! என்ன வேலை பார்த்தான் இவன்? ரோசம்மா வழுக்குப்பாறையில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்தேன்.

பவுனு மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள். போடவில்லை. கோபத்தில் மறந்துவிட்டது.

அக்டோபர் 15, செவ்வாய்

ராத்திரி முழுக்க மழை. ரோசம்மாவைக் கூட்டிவர அஞ்சரைக்கே கிளம்பினேன். வண்டியில் நான் ஒருத்தன்தான், பாரமே இல்லை. வழுக்குப்பாறையில் பாதி ஏறினேன். இடது சக்கரம் சுழல ஆரம்பித்தது. இப்போது லாக்கர் பூட்ட வேண்டும். பூட்டவில்லை. உள்ளே கடகடவென்று பல் எகிறுகிற சத்தம்தான் வருகிறது, வலது சக்கரம் அசையவில்லை. மூன்று தடவை பின்னால் இறங்கி ஏறிப் பார்த்தேன். மூன்றாவது தடவை வண்டி பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்து ஓரம் போய் நின்றது. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

போன் போட்டுச் சொன்னேன். ரோசம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஊர்க்காரர்கள் நாலு பேர் இரண்டு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலே ஒரு தார்ப்பாயைப் பிடித்திருந்தார்கள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை, கையில் வைத்திருந்தாள். தேனிக்குப் போவதற்குள் அவள் முறை தாண்டிவிட்டது. அங்கே வரிசையாக ஆள் காத்திருக்கிறார்கள், யாரைக் குறை சொல்ல? நாலு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது.

அவ்வளவுக்கும் அவள் என்னைத்தான் சமாதானப்படுத்தினாள். "விடுங்கண்ணே, இரும்புதான. அதுக்கும் சீக்கு வராதா?"

சீக்கு வந்த இரும்பைச் சரிபண்ணிவிட்டேன் என்று மூடிக் கொடுத்தவன் ஒருத்தன் இருக்கிறானே, அவனை என்ன செய்வது?

அக்டோபர் 16, புதன்

டாக்டரம்மா மன்னிக்க வேண்டும். கத்திவிட்டேன்.

டீக்கடை முன்னால் ஸ்டாண்டு ஆட்கள் பத்துப் பேரும் இருந்தார்கள். ரோசம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்த கதையைச் சொன்னேன். காசிமாயன் வேலை தெரியாதவன், பல்லை அரத்தால் சீவி ஏமாற்றிவிட்டான் என்றேன். எங்கள் ஜீப் சங்கத் தலைவர், "அவன் ஒண்ணும் சொல்லலையா, இத மாத்து, அத மாத்துன்னு?" என்று கேட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். மலைப் பாதையில் உயிரோடு விளையாடுகிறவனிடம் இனி யாராவது வண்டி விட்டால் அவன் மனுஷனே இல்லை என்றேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட வந்து கேட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் அவன் ஷெட்டில் நின்ற மூன்று வண்டியையும் வெளியே எடுத்துவிட்டார்கள். ஒன்றில் இன்ஜின் பாதி பிரித்தபடி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். காசிமாயன் வாசலில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். என்னைப் பார்த்தான். பேச அவனிடம் என்ன இருக்கிறது?

வீட்டில் பவுனுவிடம் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு, "அவரு ஒண்ணுமே சொல்லலையா?" என்று அவளும் அதையே கேட்டாள். எல்லோருக்கும் இதே கேள்விதானா?

அக்டோபர் 17, வியாழன்

போடியில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். டை கட்டிய ஒருத்தன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, இந்த மாதிரி லாக்கரை அவர்கள் தொடுவதில்லை என்றான். தொடாதவனுக்கு எதற்கு டை?

அக்டோபர் 18, வெள்ளி

மழை. பாறையில் பாதிகூட ஏற முடியவில்லை. ஓடை பெருகி, நாற்காலியில் தூக்கி வரவும் வழியில்லை. ரோசம்மா இன்றைக்குப் போகவில்லை.

அக்டோபர் 19, சனி

விடிந்ததும் போன். ரோசம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருக்கிறாள். ஓடை கொஞ்சம் வடிந்திருந்தது. ஆறு பேர் முறை மாற்றி டோலி கட்டித் தூக்கிவந்தார்கள். நான் பாறைக்குக் கீழே வண்டியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். ஏற முடியாத வண்டியை வைத்துக்கொண்டு நிற்பது போல ஒரு கேவலம் கிடையாது. முகம் ஊதி, உதடு கறுத்து, என்னைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினாள். தேனிவரை முப்பத்திரண்டு கிலோமீட்டர், வழி முழுக்க அந்தப் பாழாய்ப்போன டொக் டொக்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். டயாலிசிஸ் நடக்கிறது. சாயங்காலம் கண்ணைத் திறந்து பேசினாளாம். பவுனு கூட இருந்தாள், நான் வெளியே நின்றேன்.

இதற்கு எல்லாம் காசிமாயன்தான் பதில் சொல்ல வேண்டும். நான் விடமாட்டேன். சங்கத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

*அக்டோபர் 6 எடுத்துப் படிங்க. நீங்க எழுதினதுதான். இடது பின் டயர் சுத்தளவு 91 இஞ்ச். வலது 88. ரெண்டு தடவ அளந்தேன். — பவுனு*

அக்டோபர் 20, ஞாயிறு

என் டைரியைப் படித்திருக்கிறாள்! அனுமதி இல்லாமல் படித்ததோடு, அதிலேயே எழுதியும் வைத்திருக்கிறாள். கத்தினேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "கத்தி முடிச்சிட்டு அளந்து பாருங்க," என்று இஞ்ச் டேப்பையும் துணியில் கோடு போடுகிற சாக்பீஸையும் நீட்டினாள். டயர் அளக்கிற சாமானா அது? ஜாக்கெட் அளக்கிற டேப்பு, அறுபது இஞ்சோடு முடிந்துவிடும். முடிந்த இடத்தில் கோடு போட்டு மறுபடி அங்கிருந்து பிடிக்க வேண்டும்.

அளந்தேன். தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு.

கோட்டைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்தேன். காற்றைச் சரிபார்த்து மூன்றாவது தடவை. டேப்பைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தாயிற்று.

ஒரு சுற்றுக்கு மூன்று இஞ்ச். கணக்குப் போட்டேன். ஒரு கிலோமீட்டர் போக இடது சக்கரம் நானூற்று முப்பத்துமூன்று தடவை சுற்றும், வலது நானூற்று நாற்பத்தேழு. அந்தப் பதினாலு சுற்று வித்தியாசத்தையும் உள்ளே இருக்கிற பல்தான் எகிறி எகிறிச் சமாளிக்க வேண்டும். அதுதான் நேர் ரோட்டில் சத்தம். இரண்டு மாதமாக இந்த வண்டி நேர் ரோட்டையும் வளைவு என்று நினைத்துக்கொண்டே ஓடியிருக்கிறது. புதுப் பல் போட்டாலும் தேயும். யார் சரிபண்ணினாலும் தேயும்.

புது டயரைப் பள்ளத்துப் பக்கம் போடு என்று முதலில் சொன்னவன் எவன்? அவன் மட்டும் கையில் கிடைத்தால்! ஆனால் அவன் காலத்தில் லாக்கர் கிடையாது. அவனையும் குற்றம் சொல்ல வழியில்லை.

அக்டோபர் 6 என் கையெழுத்துதான். "ரெண்டும் ஒண்ணா இருக்கணும்" என்று அவன் சொன்னதை நானே எழுதியிருக்கிறேன். சிரிப்பு வந்தது என்றும் எழுதியிருக்கிறேன். பத்து நாள் கழித்து, ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நடுத்தெருவில் நின்று சொன்னேன். அப்போது எனக்கு ஞாபகம் இல்லை என்று இங்கே எழுத வந்தேன். எழுத முடியவில்லை. ஞாபகம் இருந்தது. தலைவர் கேட்டபோது தொண்டைவரை வந்தது.

அக்டோபர் 21, திங்கள்

ஷெட் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். வேலை இல்லாததால் வாழைத் தோப்பில் யாருடைய மோட்டாரையோ கழற்றப் போயிருக்கிறான் என்றார்கள். அங்கேயே போனேன். கிணற்று ஓரம் குந்தியிருந்தான்.

"டயர்தான்," என்றேன். "அளந்துட்டேன்."

"எவ்வளவு?"

"மூணு இஞ்ச்."

ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "ரோசம்மாக்கா எப்படி இருக்காங்க?"

தேறிவிட்டாள், வியாழக்கிழமை அனுப்புவார்கள் என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது, "நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?" அதைக் கேட்டுவிட்டு எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நான் கத்துற ஆள் இல்லைண்ணே. ரோசம்மாக்காவுக்காக வண்டியக் கொண்டாந்து விடுங்க. ரெண்டு டயரும் ஒண்ணா இருந்தாத்தான் கை வைப்பேன்."

அக்டோபர் 22, செவ்வாய்

அதே கம்பெனி, சேற்றைக் கவ்வ அதே கட்டை வைத்த டயர் இன்னொன்று வாங்கினேன், அவன் மச்சினன் கடையில் அல்ல. காசிமாயன்தான் அங்கே அந்த ரகம் கிடையாது, வேறு கடைக்குப் போங்கள் என்று அனுப்பினான். பவுனு வாசலிலேயே அளந்தாள். 91, 91. ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

காசிமாயன் மதுரையிலிருந்து பல் செட் வரவழைத்து இரண்டு நாளாக மாட்டினான். நான் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான் பேசினான். அதைப் பிடிங்க, இதைத் தூக்குங்க. ஸ்டாண்டு வண்டி ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை.

மதியம் ரோசம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தார்கள். நாளைக்கு அங்கேயே திரும்பிப் போக வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். பவுனு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"ஸ்டாண்டுல எப்ப சொல்லப்போறீங்க?"

தலைவரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன், அவர் எல்லோருக்கும் பக்குவமாகச் சொல்லுவார் என்றேன்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க கத்துனது ஊத்துமேடு வரைக்கும் கேட்டுச்சு. இப்ப மட்டும் மெதுவாப் பேசிராதீங்க."

அக்டோபர் 25, வெள்ளி

ரோசம்மாவைத் தேனியில் இறக்கிவிட்டு நேரே ஸ்டாண்டுக்குப் போனேன். அதே டீக்கடை. டைரியைக் கையில் வைத்துக்கொண்டு அக்டோபர் 6 முழுவதையும் வாசித்தேன், 'எனக்குச் சிரிப்பு வந்தது' உட்பட. பிறகு 16. காசிமாயன் சொன்னான், நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை என்று உங்களிடம் பொய் சொன்னேன், ரோசம்மா சாகக் கிடந்தது என்னால் என்று சத்தமாகச் சொன்னேன். எதிர்ச்சாரியில் இருக்கிற ஷெட்டுக்குக் கேட்டிருக்கும். சுத்தியல் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது.

ஒருத்தன் மட்டும், "அப்ப நாம பள்ளத்துப் பக்கம் போடலாமா கூடாதா?" என்று கேட்டான். அவனவன் கவலை அவனவனுக்கு.

அக்டோபர் 29, செவ்வாய்

நேற்றிலிருந்து விடாத மழை. சனிக்கிழமையே ரோசம்மா ஊத்துமேட்டுக்குத் திரும்பியிருந்தாள். இன்று அஞ்சரைக்கு அவளைக் கூட்டிவரப் போனேன். வழுக்குப்பாறையில் தண்ணீர் ஓடுகிறது. முதல் கியர். இடது சக்கரம் ஒரு தடவை வழுக்கியது, உள்ளே ஒரே ஒரு டொக், இரண்டும் பூட்டிக்கொண்டன. ஏறிவிட்டேன். ஊத்துமேட்டில் ரோசம்மா குடையோடு நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை செருப்பு காலில் இருந்தது. முறை தவறாமல் நாலு மணி நேரமும் கிடைத்தது.

வழியில் கேட்டாள். "காசிமாயன் தம்பிக்கு வண்டியெல்லாம் திரும்பிருச்சா?"

இரண்டு வண்டி என்றேன். என்னைச் சேர்க்காமல்.

மற்ற எட்டுப் பேரையும் இன்று மதியம் ஒவ்வொருவனாகப் போய்க் கேட்டேன். ஒருத்தன், "அதான் வேற எடத்துல பழகிட்டோமே," என்கிறான். இன்னொருத்தன், "நெருப்பில்லாமப் புகையுமா?" என்கிறான். நெருப்பே நான்தானடா, நானே வந்து சொல்கிறேனே! தலைவர் அதைவிட மேல். "நீ நல்ல மனசுல அவன் பழிய உன் மேல போட்டுக்கிற சுருளி, எங்களுக்குத் தெரியாதா?" என்று முதுகில் தட்டிக் கொடுக்கிறார். நான் சொன்ன பொய்யை ஒரே சாயங்காலத்தில் பத்துப் பேரும் நம்பினார்கள். ஆதாரம் கேட்கவில்லை, டைரி கேட்கவில்லை. உண்மையைக் கையெழுத்தோடு கொண்டுபோனால் என் நல்ல மனசைப் புகழ்கிறார்கள்.

திரும்பும்போது காசிமாயன் ஷெட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். உள்ளே ஒரு வண்டி நின்றது. முன்பெல்லாம் வாசலில் மூன்று, உள்ளே இரண்டு நிற்கும். அவன் நிமிரவில்லை.

பவுனு பிரஷர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் எழுதுவதை இப்போது பகிரங்கமாகவே எட்டிப் பார்க்கிறாள். நாளைக்கு டாக்டரம்மாவிடம் போகிற நாள் என்று ஞாபகப்படுத்துகிறாள்.

டாக்டரம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நாளைக்குக் காலையிலும் ஸ்டாண்டில் போய்க் கத்துவேன். இன்னும் எட்டு வண்டி இருக்கிறது.